மாடு எங்களுது, வண்டி உங்களுது

என் மகனுக்கு,

உன் அப்பன் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி செல்வி எழுதுகிறாள். நான் கைநாட்டு என்பது உனக்குத் தெரியும். பேசுகிறபடியே எழுதம்மா என்றால், "அப்பிடியே எழுதுனா அண்ணன் சிரிக்கும். நீ சொல்லிக்கினே போ, நான் நல்ல தமிழாப் போட்டுக்கிறேன்" என்கிறாள். அதனால் இதில் பேப்பர் பாஷை எங்கேயாவது தட்டுப்பட்டால் அது அவள் வேலை. விஷயம் என்னுடையது. உன் அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சைக்கொட்டை உரிக்கிற மாதிரி இருக்கிறாள், காது மட்டும் இங்கே. நான் ஒன்றைக் கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் விடமாட்டாள். ஆகவே நம்பிப் படி.

ஞாயிற்றுக்கிழமை நீ மெட்ராசிலிருந்து போன் போட்டாய். "எல்லா வழியும் அடைச்சிக்கிச்சிப்பா. பட்டறைய மூடிட்டேன். வெறுங்கையோட இன்னா மூஞ்சிய வச்சிக்கினு செல்வி கல்யாணத்துக்கு வர்றது? நீங்களே நடத்திக்குங்க" என்றாய். நான் உடனே எகிறினேன். "கூடப் பொறந்தவன் இல்லாம மாப்பிள்ளைக்கு யாருடா கால் கழுவி உள்ள அழைக்கிறது? ஒழுங்கா வூடு வந்து சேரு" என்று கத்தினேன். நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு இரண்டு நாளாய் எடுக்கவும் இல்லை. உன் அம்மா என்னிடம் பேசவும் இல்லை. எனக்கு உன் வார்த்தை ஒன்றுதான் காதில் சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லா வழியும் அடைத்துக்கொண்டது என்றாயே, அப்படி ஒரு வாரத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடைத்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் கல்யாணம் அந்த வாரத்தில்தான் நடந்தது. நீ கேட்டதில்லை, நானும் முழுசாய்ச் சொன்னதில்லை.

இட ஒதுக்கீடு கேட்டு ரோடு மறித்த காலம் அது. படிப்பிலும் வேலையிலும் நம் சனத்துக்கென்று தனியாக ஒரு பங்கு வேண்டும் என்று கூட்டம் மேல் கூட்டம் போட்டார்கள். எனக்கு அதில் பாதி புரியாது. ஒன்று புரிந்தது. கள்ளக்குறிச்சி ஆபீசில் போய் நின்றால், மனுவை எழுதித் தருகிறவனுக்கு ஒரு கும்பிடு, வாங்குகிறவனுக்கு ஒரு கும்பிடு, எங்கே கை வைக்கச் சொல்கிறானோ அங்கே பெருவிரலை வைத்துவிட்டு வருவேன். என்ன எழுதியிருந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்குப் பிறக்கப்போகிறவன் அப்படி நிற்கக் கூடாது என்று தோன்றியது. அதற்காகத்தான் கோடாலியைத் தூக்கினேன். ஒரு வாரம் ஒரு வண்டியும் ஓடக் கூடாது என்று முடிவானதும் ஊருக்கு ஊர் இளவட்டங்கள் ரோட்டுக்குப் போனார்கள். கள்ளக்குறிச்சிக்கும் சங்கராபுரத்துக்கும் பஸ் இல்லை. சின்னசேலத்தில் ரயிலே நின்றுவிட்டது என்று ஒருவன் வந்து சொன்னான், உண்மையோ பொய்யோ, எல்லோரும் கை தட்டினோம். அந்த வாரம் நல்லது மட்டும் நடந்தது என்று சொல்லமாட்டேன். துப்பாக்கிச் சூட்டில் பிள்ளைகள் செத்தார்கள். வேறு சில இடத்தில் ஒரு பாவமும் அறியாத ஏழைகளின் குடிசை எரிந்தது. அதையெல்லாம் நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது. நான் என் பக்கத்துக் கதையை மட்டும் சொல்கிறேன்.

நம் ஊரிலிருந்து சங்கராபுரம் போகிற ரோட்டில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது பார், அதன் மேல் கிளை விரித்து ஒரு புளியமரம் நின்றது. நாலு பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. மலையிலிருந்து வருகிற ஓடைத் தண்ணீர் பாலத்துக்கு அடியில் ஓடும். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பள்ளம், பள்ளத்தைத் தாண்டினால் கரும்பு. அங்கே மரம் விழுந்தால் சைக்கிள்கூடப் போகாது, அந்த இடம்தான் சரி என்று சொன்னவனே நான்தான். காலையில் ஆரம்பித்து மாற்றி மாற்றி வெட்டினோம். சாயும்போது பூமி அதிர்ந்தது. காக்கைகள் எல்லாம் மலைப் பக்கம் பறந்து போயின. நான் ஏதோ கோட்டையைப் பிடித்தவன் மாதிரி தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எங்கள் நைனா வாசலில் வண்டிச் சக்கரத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கடா வெட்டுனீங்க?"

"ஓடப் பாலத்துல, நைனா. எவனும் நவுத்த முடியாது."

அவர் மைக் குச்சியைக் கீழே வைத்தார். "ரொம்ப நல்லது. நாளைக்குப் பொண்ணு அழைக்க வண்டி எந்த வழியா போவும்? உங்கப்பன் தலை மேலயா?"

சத்தியமாய்ச் சொல்கிறேன், அதுவரைக்கும் எனக்கு உறைக்கவே இல்லை. கல்யாணம் மறியலுக்கு முன்பே குறித்தது. பந்தல்கால் நட்டாயிற்று. எனக்கு நலங்கு வைத்து மஞ்சள் பூசியாயிற்று. மஞ்சள் பூசின உடம்போடுதான் மரம் வெட்டினேன். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். அப்போதெல்லாம் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில். முதல் நாள் மாப்பிள்ளை வீட்டு வண்டி போய்ப் பெண்ணை அழைத்து வரவேண்டும். உன் அம்மா ஊர் சங்கராபுரத்துப் பக்கம். போகிற வழியெல்லாம் கல்லும் முள்ளும் போட்டுத்தான் இருந்தார்கள், ஆனால் கல்யாணம் என்றால் ஒதுக்கி விடுவார்கள். யாராலும் ஒதுக்க முடியாதபடி கிடந்தது நாங்கள் சாய்த்த அந்த ஒரே மரம்தான். அறுத்து எடுக்கலாம் என்றால் ரெண்டு நாள் வேலை. அதோடு, போராட்டத்தில் போட்ட மரத்தைப் போட்டவனே தன் கல்யாணத்துக்காக எடுத்தான் என்றால் அப்புறம் ஊரில் தலை நிமிர்த்த முடியுமா?

அடுத்த நாள் காலையில் உன் அம்மா ஊரிலிருந்து ஒரு பங்காளி ஓடையில் இறங்கி ஈர வேட்டியோடு வந்து சேர்ந்தார். உன் தாத்தா, அதாவது உன் அம்மாவைப் பெற்றவர், சொல்லி அனுப்பிய சேதியை நடு வாசலில் நின்று ஒப்பித்தார். "மாப்பிள்ள வூட்டு வண்டி வாசல்ல வந்து நின்னாத்தான் பொண்ணு படி எறங்குமாம். நடத்தி இட்டுக்கினு வர அது இன்னா கள வெட்டவா போவுதுன்னு கேக்குறாரு. வண்டி வரலன்னா அதே முகூர்த்தத்துல பொண்ண அவரு மச்சானுக்கே கட்டிக் குடுத்துடுவாராம். மஞ்சா பூசுன பொண்ண வச்சிக்கினு ஊர் வாயில வுழ முடியாதாம்."

அந்த மச்சான் உன் அம்மாவுக்குத் தாய்மாமன். பெரிய மீசை. உன் அம்மாவைவிட ரொம்பப் பெரியவர். முறைக்காரர் என்பதால் கேட்க ஆளில்லை. எங்கள் நைனாவுக்குச் சேதியைக் கேட்டதும் மூக்கு விடைத்துக்கொண்டது. "சனமே ரோட்ல கெடக்குது, அவருக்கு வண்டி கேக்குதா? ஊர்ல இருந்து பாலம் வரிக்கும் எந்த வண்டியிலயாவது வரட்டும், நடந்து வரட்டும். நம்ம வண்டி பாலத்துக்கு இந்தாண்ட நிக்கும். பொண்ணு தேஞ்சா பூடும்? நான் ஒரு எட்டு எறங்கிப் போவ மாட்டேன்." பங்காளி தலையைச் சொறிந்தார். "அவரும் இதையேதாங்க சொன்னாரு." இதுதான் நிலைமை. மரம் ஒன்று குறுக்கே கிடந்தது, அதைவிடப் பெரிதாய் ரெண்டு பெரியவர்கள் கிடந்தார்கள். நடுவில் நான். நான் உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது ஒரு தடவை பார்த்தவன்தான், ஆனால் அந்த ஒரு தடவையே போதுமாய் இருந்தது. (இதை எழுதாதே என்று அடுப்பங்கரையிலிருந்து சத்தம் வருகிறது. செல்வி எழுதிவிட்டாள்.)

மலையிலிருந்து சின்னாண்டி வந்திருந்தான். உனக்கு அவனைக் கிழவனாகத்தான் தெரியும், அப்போது என் வயசுக்காரன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் அவன் ஊர். அறுப்புக் காலத்தில் கீழே இறங்கி வந்து எங்களோடு வேலை செய்வான், நான் மேலே போனால் அவன் வீட்டில் தங்குவேன். கல்யாணத்துக்குச் சாமையும் ஒரு குடுவைத் தேனும் சுமந்துகொண்டு வந்தவன், எங்கள் வீட்டு மூஞ்சிகளைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "எங்க மலைக்கு எந்தக் காலத்துல ரோடு இருந்துச்சி? எங்க அம்மாளுங்க கல்யாணம் பண்ணாமலா எங்களப் பெத்தாங்க? ரெண்டு நாளு ரோடு இல்லன்னதும் இப்பிடி ஒப்பாரி வக்கிறீங்களே, கூட்டாளி!" எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அடித்திருப்பேன். பேசாமல் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு ஓடைக்குக் குளிப்பாட்டப் போனேன். கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாடு குளிக்க வேண்டும் அல்லவா. அவனும் பின்னாலேயே வந்தான்.

கொம்புக்கு வர்ணம் பூசின ஜோடி அது. தேய்த்துவிட்டுக் கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். தலை நிமிர்ந்து பார்த்தால் ரெண்டும் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று கரும்புத் தோகையைக் கடித்துக்கொண்டிருக்கின்றன. தண்ணீரில் இறங்கி, பாலத்துக்குக் கீழே சுற்றி, அந்தக் கரையில் ஏறிவிட்டிருந்தன. சின்னாண்டி, "பாரு, உங்க மாட்டுக்கு மறியல் சேதி யாரும் சொல்லல போலக்குது" என்றான். அவன் கேலிக்குத்தான் சொன்னான். எனக்கு நெஞ்சில் ஏதோ சட்டென்று திறந்த மாதிரி இருந்தது. நேற்றிலிருந்து வண்டி போகாது, வண்டி போகாது என்று ஒரே பாட்டாய்ப் பாடிக்கொண்டிருக்கிறோம். வண்டி போகாதுதான். ஆனால் மாடு போகுமே. நம் வீட்டு மாடு அவர்கள் வாசலில் போய் நிற்க முடியுமே. வண்டி என்பது மரம். மரத்துக்கு எந்த ஊரில் பஞ்சம்? அவர்களிடமும் வண்டி இருக்கிறது.

நலங்கு வைத்த மாப்பிள்ளை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டித்தான் ஆகவேண்டும் என்றால் கையில் இரும்பு வேண்டும். பெண் அழைக்க மாப்பிள்ளையே போவது என்பதோ யாரும் கேள்விப்படாதது. வேறு யாரை அனுப்பினாலும் உன் தாத்தா வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார் என்று எனக்குத் தெரியும். நைனாவிடம் சொன்னால் அவரும் விடமாட்டார். இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு, மஞ்சள் முகத்தோடு, மாட்டைப் பிடித்தபடி நடந்தேன். நுகத்தடியைச் சின்னாண்டி தோளில் போட்டுக்கொண்டான். "நொவத்தடி எதுக்குடா?" என்றால், "அதுவாவது உங்க வண்டியோடது இருக்கட்டும்" என்றான். அவனுக்கு மூளை ஜாஸ்தி. வழியில் மறியல்காரர்கள் அங்கங்கே கஞ்சி காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கப்பா மாட்ட ஓட்டிக்கினு?"

"பொண்ணு அழைக்கங்க."

"வண்டி எங்க?"

"பொண்ணு வூட்ல கீது" என்றான் சின்னாண்டி. ரோடே சிரித்தது. கல்லை ஒதுக்கி வழி விட்டார்கள், ஒரு கோஷம் போட்டுவிட்டுப் போ என்றார்கள். போட்டேன்.

உன் தாத்தா வாசலில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் அந்த மீசைக்காரத் தாய்மாமன், வெள்ளை வேட்டியும் புதுச் சட்டையுமாய். ஊரே வேடிக்கை பார்த்தது. நான் மாட்டை நிறுத்தி, "கும்புடுறேன் மாமா" என்றேன்.

"வண்டி?"

"மாடு எங்களுது மாமா. நொவத்தடி எங்களுது. வண்டி உங்களுது குடுங்க. பாலம் வரிக்கும் இதுல வரலாம், அப்பால எங்க வண்டி நிக்கும். மாடு தண்ணில எறங்கி வந்து அதையும் இழுக்கும்."

"இன்னா மாப்பிள, எங்கிட்டயே வண்டிய வாங்கி எம் பொண்ணையே இட்டுக்கினு போறியா?" கூட்டத்தில் ஒருத்தன், "அப்பிடியே சீரு வரிசையும் நீங்களே தூக்கிக்கினு போயி குடுத்துடுங்க" என்று எடுத்துக் கொடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது ரெண்டும் எரிந்தது. திரும்பிவிடலாம் என்று மாட்டின் கயிற்றைக்கூடச் சுற்றினேன். அப்போதுதான் உள்ளேயிருந்து உன் அம்மா வந்தாள். கையில் ஆரத்தித் தட்டு. என்னைப் பார்க்கவே இல்லை. நேராய் மாட்டுக்கு முன்னால் போய் ரெண்டுக்கும் நெற்றியில் குங்குமம் வைத்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்: "வண்டி தானா நடந்து வந்துச்சின்னு எந்த ஊர்லப்பா சொல்லுவாங்க? மாடுதான இட்டுக்கினு வரும். மாப்பிள்ள வூட்டு மாடு வந்து வாசல்ல நிக்குது. நான் எறங்கிட்டேன்."

பெண் அப்படிப் பேசுவது அந்தக் காலத்தில் சின்ன விஷயமா? உன் தாத்தா துண்டை எடுத்து உதறினார், மறுபடி போட்டுக்கொண்டார். அவரை அந்த இடத்திலிருந்து கரையேற்றியது யார் என்று நினைக்கிறாய்? மீசைக்காரர்தான். கொட்டகைக்குள் போய் வண்டியை அவரே இழுத்துக்கொண்டு வந்தார். "இன்னா மாமா பாத்துக்கினு நிக்கிறீங்க? எங்க அக்கா பொண்ணுக்கு நான்தான் வண்டி ஓட்டுவேன். டேய் மாப்பிள, மாட்ட பூட்டு" என்றார். அவருக்கும் அந்தக் கல்யாணத்தில் மனசில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவரும் முறை என்ற ஒன்றில் மாட்டிக்கொண்டு வெளியே வர வழி தெரியாமல் வெள்ளை வேட்டியோடு நின்றிருக்கிறார், பாவம்.

பாலத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம், ஆட்கள் கையால் தள்ளிக்கொண்டு வந்த எங்கள் வண்டி, வண்டிக்குப் பக்கத்தில் எங்கள் நைனா. யாரோ ஓடிப்போய்ச் சொல்லிவிட்டிருந்தார்கள். ஒரு எட்டு வரமாட்டேன் என்றவர் பாலம் வரைக்கும் வந்து, வராத மாதிரி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மரத்தின் மேல் பெண்ணை யார் ஏற்றுவது என்று ஒரு கேள்வி வந்தது. தாய்மாமன் மீசையைத் தடவிக்கொண்டு, "இதுல இன்னா பேச்சு? பொண்ணத் தூக்கறது மாமன் முறை" என்று உன் அம்மாவைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி அடிமரத்தில் ஏறினார். மறியல் பிள்ளைகள் பறையடித்தார்கள். கஞ்சித் தொட்டியில் இருந்து எல்லோருக்கும் ஊற்றினார்கள். உன் தாத்தாவும் எங்கள் நைனாவும் வெட்டின மரத்தின் மேலேயே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கஞ்சியைக் குடித்தார்கள். மாடுகள் தண்ணீரில் இறங்கி அந்தப் பக்கம் ஏறின, நைனாவின் வண்டியில் பூட்டினோம். மறுநாள் விடிகாலையில் தாலி கட்டினேன்.

அந்த மரத்தின் நிழல் போனதுதான் போனது. இப்போது அந்தப் பாலத்தில் வெயிலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகும். அந்த ரோட்டில்தான் நீ பஸ் ஏறிப் பாலிடெக்னிக் போனாய், நாங்கள் கேட்ட பங்கில் கிடைத்த இடம். சின்னதில் நீ முதல் தடவையாய் உன் பேரை எழுதிக் காட்டியபோதும் நான் மரத்தைத்தான் நினைத்தேன், உன்னிடம் சொல்லவில்லை. அப்புறம் ஒரு கோடையில் நம் கிணற்று மோட்டார் எரிந்துபோய் நாற்று காய்ந்தபோது, லீவுக்கு வந்திருந்த நீ பக்கத்து நிலத்துப் பவர் டில்லரை வாங்கி வந்து, பெல்ட் மாட்டி அதிலேயே தண்ணீர் இறைத்தாய். "மோட்டாருதான் எரிஞ்சிச்சி, பம்பு நல்லாத்தான் கீது" என்றாய். நினைவிருக்கிறதா? என் பிள்ளை என் மாதிரி என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. உன் அம்மா, "உங்க மாதிரியா? என்னிய மாதிரி" என்றாள். அது சரிதான்.

அப்படிப்பட்ட நீ இப்போது எல்லாமே எரிந்துவிட்ட மாதிரி பேசுகிறாய். பட்டறை மூடியிருக்கிறது, சரி. உன் கைவேலை மூடவில்லை. அதை எப்படித் திருப்பிக் கட்டுவது என்பது உனக்குத்தான் தெரியும், எனக்கு அதில் ஒன்றும் தெரியாது, சொல்லவும் மாட்டேன். எனக்குத் தெரிந்தது கல்யாணத்துக்கு வருகிற வழி மட்டும். ஞாயிற்றுக்கிழமை நான் உன் தாத்தா மாதிரி வாசலில் நின்றுகொண்டு, "ஒழுங்கா வூடு வந்து சேரு" என்று கத்திவிட்டேன். நீ எங்கள் நைனா மாதிரி ஒரு எட்டு இறங்கமாட்டேன் என்று போனை வைத்துவிட்டாய். ரெண்டு கிழவன்களும் செத்துப் பல வருசம் ஆகியும் நாம் இரண்டு பேரும் அவர்களையே நடத்திக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே ஒன்று செய்யலாம். நீ மெட்ராசிலிருந்து வீடு வரைக்கும் வர முடியாது, சரி, வரவேண்டாம். பாதி வா. பாதி எது என்று இங்கே பெரிய சண்டை. செல்வி விழுப்புரம் என்கிறாள். உன் அம்மா, "அவன் கஷ்டத்துல கீறான், அவனுக்குக் கம்மியா இருக்கட்டும், திண்டிவனம்னு போடு" என்கிறாள். திண்டிவனம் என்றே வைத்துக்கொள். கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை பொழுது விடிய நான் பஸ் ஏறிவிடுவேன். போர்டு படிக்கத் தெரியாது, ஆனால் கேட்கத் தெரியும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், மெட்ராஸ் பஸ் வந்து நிற்கிற இடத்தில், அன்று பூராவும் உட்கார்ந்திருப்பேன். நீ எப்போது இறங்கினாலும் சரி. அங்கிருந்து ஒரே சீட்டில் வருவோம். ஊரில் இறங்கினதும் பட்டறை எப்படிப் போகிறது, கையில் என்ன கொண்டுவந்தாய் என்று யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ வாய் திறக்க வேண்டாம். மாப்பிள்ளை காலுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியது மட்டும் உன் வேலை. கை உன்னுது, வாய் என்னுது.

செல்வி எழுதுவதை நிறுத்திவிட்டாள். என்னம்மா என்றால், தனக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டுமாம். சேர்த்துக்கொள்ளட்டும்.

அண்ணா, கால் கழுவற செம்பை நான் தேய்ச்சி வச்சிட்டேன்.

உன் அப்பன்
(பெருவிரல் ரேகை கீழே)